கம்பியைத் தொடாமல் நெட்வொர்க் கற்க முடியுமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பில், அதாவது நெட்வொர்க்கில், ஐபி முகவரிகள் /26 என்ற அளவில் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவில் எத்தனை சாதனங்களுக்கு முகவரி தரலாம்? தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: 62.

அதே கணக்கை வேறு மாதிரியும் கேட்கலாம். ஓர் அலுவலகக் கணினியின் முகவரி 192.168.10.70. அதை இணையத்துக்கு அழைத்துச் செல்லும் ரவுட்டரின் முகவரி 192.168.10.1. இரண்டுமே /26. கேபிள் சரியாகச் செருகப்பட்டிருக்கிறது. சுவிட்சில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனாலும் இணையம் வரவில்லை. ஏன்?

முதல் கேள்விக்கு விடை சொன்னவர்களில் பலர் இங்கே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு ஒன்றுதான். /26 என்றால் முகவரிகள் 64, 64 ஆகப் பிரிகின்றன. 0 முதல் 63 வரை ஒரு பிரிவு, 64 முதல் 127 வரை அடுத்த பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சாதனங்களுக்குத் தருவதில்லை, அதனால்தான் 62. நம் கணினி (70) இரண்டாம் பிரிவில் இருக்கிறது. ரவுட்டர் (1) முதல் பிரிவில் இருக்கிறது. வெளியே போக ஒரே ஒரு வாசல், அதுவும் பக்கத்து புளோக்கில் இருந்தால் எப்படிப் போவது?

62 என்று சொல்லத் தெரிந்தவருக்கும் அந்த வாசல் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

‘அக்கா, டம்ப் இருக்கா?’

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நெட்வொர்க் துறையில் பட்டயம் பெற்று, இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு சிசிஎன்ஏ தேர்வில் தேர்ச்சி பெற்றேன். அந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து எனக்குப் பின்னால் படிக்கும் மாணவர்களிடமிருந்து குறுஞ்செய்திகள் வருகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் கேள்வி இது: “அக்கா, டம்ப் இருக்கா?”

சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் வழங்கிவரும் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழ். தேர்வு நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ‘டம்ப்’ என்பது தேர்வில் வந்த கேள்விகளையும் விடைகளையும் யாரோ வெளியே கொண்டுவந்து தொகுத்த கோப்பு. அதைப் படித்துவிட்டுப் போவது தேர்வு விதிகளுக்குப் புறம்பானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே ரத்தாகலாம். கோப்பில் இருக்கும் விடைகள் சரியானவை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அப்படியிருந்தும் அதைக் கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 300 அமெரிக்க டாலர் என்பது வார இறுதிகளில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்குப் பல வாரச் சம்பளம். தேர்ச்சி பெறாவிட்டால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடியும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். வேலை விளம்பரங்களில் அந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறது. வீட்டில் “எப்போ எழுதப் போறே?” என்ற கேள்வி இருக்கிறது. அந்த அழுத்தத்தில் குறுக்குவழியைத் தேடுவது மனித இயல்புதான். ஆனால், அந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மேசைமேல் இருபது நிமிடம்

என்னோடு படித்த தோழி ஒருத்தி, நல்ல மதிப்பெண்ணோடு அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றாள். முழுநேர வேலையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் மாலைநேரப் பட்டப்படிப்பைத் தொடர்வது அவள் திட்டம். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் வீட்டில் பணம் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. ஆக, அந்த முதல் நேர்காணல் அவளுக்கு மிக முக்கியம்.

நேர்காணல் அறையில் கேள்வித்தாள் இல்லை. மேசைமேல் ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், இரண்டு மடிக்கணினிகள். “இந்த ரெண்டு கணினியும் ஒன்னோட ஒன்னு பேச மாட்டேங்குது. இருபது நிமிஷம் இருக்கு, பாருங்க,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நேர்காணல் நடத்தியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம்.

ஒரு கணினி செருகப்பட்டிருந்த துளை வேறொரு விலேனில் இருந்தது. விலேன் என்பது ஒரே சுவிட்சைப் பல தனித்தனி சுவிட்சுகளாகப் பிரித்துக்கொள்ளும் முறை. அதன் வரையறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். “விலேன்னு நாலு விடையில ஒன்னா இருந்திருந்தா உடனே தொட்டிருப்பேன். அங்கே நாலு விடை இல்லையே,” என்றாள். எங்கிருந்து தொடங்குவது என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

தேர்வில் கேள்வியே பாதித் துப்பைக் கொடுத்துவிடுகிறது. ‘பின்வருவனவற்றில் எது’ என்று அது தொடங்கும்போதே தேடும் இடம் நான்காகச் சுருங்கிவிடுகிறது. உண்மையான நெட்வொர்க்கில் நமக்குக் கிடைக்கும் துப்பு, “இன்டர்நெட் வேலை செய்யல” என்ற மூன்று வார்த்தைகள் மட்டும். அதைக் கேள்வியாக மாற்றும் வேலையும் நம்முடையது.

விளக்குகள் சொன்ன செய்தி

வேலைப்பயிற்சியின்போது எனக்கு வாய்த்த மூத்த தொழில்நுட்பர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர். முப்பதுகளின் நடுவில் இருப்பார். நான் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் காலை, ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து அழைப்பு. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, தொலைபேசி விட்டு விட்டுக் கேட்கிறது, கோப்புகள் திறக்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூன்று புகார்கள்.

அண்ணன் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. சுவிட்ச் இருந்த அலமாரியைத் திறந்து விளக்குகளைப் பார்த்தார். சாதாரணமாக ஒவ்வொரு விளக்கும் தன்போக்கில் சிமிட்டும். அன்று எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. “எங்கேயோ சுத்துது,” என்றார். பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, “நேத்து இங்க யாராச்சும் எதையாச்சும் மாத்துனீங்களா?”

முந்தைய மாலை ஒருவர் மேசைகளுக்கு அடியில் தொங்கிய கேபிள்களை ஒழுங்குபடுத்தியிருந்தார். ஒரு மேசைக்கு அடியில் இருந்த சின்ன சுவிட்சில், சும்மா தொங்கிய கேபிள் முனையையும் எடுத்துக் காலியாக இருந்த துளையில் செருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. நான் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்துபோய் அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். ஒரே நொடியில் விளக்குகள் அடங்கின, அச்சுப்பொறி தாளைத் துப்பத் தொடங்கியது.

சுவிட்சுகளுக்கு இடையே செல்லும் தகவல் சட்டங்களுக்கு ஆயுள்கால வரம்பு கிடையாது. ரவுட்டர்களைக் கடக்கும் ஐபி பொட்டலங்களில் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரிலும் அது ஒன்று குறைந்து, பூச்சியமானதும் பொட்டலம் அழிக்கப்படும். சுவிட்சில் அந்த வசதி இல்லை. ஆகவே வட்டப்பாதை ஒன்று உருவாகிவிட்டால், எல்லாருக்கும் அனுப்பப்படும் தகவல் அதில் சுற்றிச் சுற்றி, நகலெடுத்துப் பெருகி, மொத்த நெட்வொர்க்கையும் திணறடித்துவிடும். இதைத் தடுப்பதற்காக 1985ஆம் ஆண்டில் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய முறைதான் ஸ்பேனிங் ட்ரீ. மேசைக்கு அடியில் இருந்த அந்த மலிவு விலைச் சுவிட்சில் அது இல்லை.

எனக்கு அந்த விளக்குகளின் படபடப்பு பழக்கமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தம்பியும் நானும் சேர்ந்து பழைய சிஸ்கோ சுவிட்சுகள் இரண்டை இணையத்தில் மலிவாக வாங்கி, வீட்டில் வைத்திருந்தோம். அவற்றின் காற்றாடிச் சத்தம் அம்மாவைத் தொலைக்காட்சி பார்க்க விடாது. வீட்டு ரவுட்டரிலிருந்து அவற்றைத் துண்டித்துவிட்டு, ஸ்பேனிங் ட்ரீயை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டுக்கும் இடையே இரண்டு கேபிள்களைச் செருகிப் பார்த்தோம். புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்த விஷயம், மேசைமேல் பத்து நொடிகளில் நடந்தது. பிறகு அந்தப் பத்தியை மறக்கவே முடியவில்லை.

இது சின்ன அலுவலகங்களின் தலைவலி மட்டுமல்ல. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் பல நாள்களுக்கு முடங்கியது. ஆண்டுக்காண்டு துண்டு துண்டாகச் சேர்த்து வளர்ந்த அந்தக் கட்டமைப்பு, ஸ்பேனிங் ட்ரீ தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த நாள்களில் மருந்துச் சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும் தாளில் எழுதப்பட்டு, ஆள்கள் மூலம் தூக்கிச் செல்லப்பட்டன. ஒரு மதிப்பெண் கேள்வியாக நாம் கடந்துபோகும் பாடத்தின் மறுபக்கத்தில் நோயாளிகள் இருந்தார்கள்.

செய்முறையும் மனப்பாடம் ஆகலாம்

‘அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டு சுவிட்சை வாங்கிவிட்டால் போதும்’ என்று நினைத்துவிடாதீர்கள். செய்முறைப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பாதி, மனப்பாடத்தின் இன்னொரு வடிவம்தான்.

ஆய்வுக்கூடத்தில் 12 படிகள் கொண்ட ஒரு தாள் தரப்படும். முதல் கட்டளையை அடி, இரண்டாவதை அடி, கடைசியில் ‘பிங்’ செய்து பார். பதில் வந்தது, படம் பிடித்து அனுப்பு, முடிந்தது. காணொளியைப் பார்த்துப் பார்த்து அடிப்பதும் இப்படித்தான். விரல்கள் உழைக்கின்றன, மூளை ஓய்வில் இருக்கிறது. ஏழாவது படியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு நெட்வொர்க் வேலை செய்யும்போது அது நமக்கு அதிகம் கற்றுத் தருவதில்லை. வேலை செய்யாதபோதுதான் ‘இது எங்கே நின்றது’ என்று தேட வேண்டியிருக்கிறது. ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை எல்லாரும் பாட்டுப் போல ஒப்பிக்கிறோம். அது உண்மையில் ஒரு தேடல் ஏணி. கேபிளில் உயிர் இருக்கிறதா என்பது முதல் அடுக்கு. சரியான விலேனில் இருக்கிறதா என்பது இரண்டாவது. முகவரியும் வாசலும் சரியா என்பது மூன்றாவது. இப்படி ஒவ்வொரு படியாக ஏறினால் பழுது எங்காவது அகப்பட்டே தீரும். என் தோழிக்கு அந்த இருபது நிமிடங்களில் தேவைப்பட்டது இந்த ஏணிதான். அவளிடம் அது இருந்தது. ஆனால் ஏறிப் பழகியதில்லை.

மனப்பாடத்துக்கும் ஓர் இடம் உண்டு

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சுரைக்காய் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர் சந்தைக்குப் போய் எதை வாங்குவார்?

2, 4, 8, 16 என்று 256 வரை இரட்டிப்பு வரிசை நாக்கில் நிற்க வேண்டும். எஸ்எஸ்எச் 22, டிஎன்எஸ் 53, எச்டிடிபிஎஸ் 443 என்ற எண்கள் தேடாமல் வர வேண்டும். தொடக்கப்பள்ளியில் வாய்பாடு படித்தோமே, அதைப் போன்றதுதான் இது. பழுதைத் தேடும் நேரத்தில் ஒவ்வொன்றையும் கூகளில் தேடிக்கொண்டிருந்தால் நூல் அறுந்துபோகும். இவற்றை மனப்பாடம் செய்வதில் எந்தத் தவறும் இல்லை.

பயிற்சிக் கேள்விகளுக்கு விடையளித்துப் பார்ப்பதும் நல்லதுதான். அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். நாளைக்கே தேர்வு என்றால் உருப்போடுவது கைகொடுக்கலாம். அடுத்த மாதம் வேலை என்றால் கைகொடுக்காது. டம்ப் கோப்பில் நாம் நினைவில் ஏற்றுவது பாடத்தை அல்ல, கேள்வியின் முகத்தை. முகம் மாறினால் விடையும் போய்விடும்.

உடைத்துப் பழகுங்கள்

பணம் இல்லாமலும் இதைச் செய்யலாம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவுசெய்தால் ‘பேக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். திரையிலேயே ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் இணைத்து இயக்கலாம். நெட்வொர்க்கில் ஓடும் தகவல்களைப் பிரித்துக் காட்டும் ‘வயர்ஷார்க்’கும் இலவசம்தான்.

என் படிப்புக் குழுவில் நாங்கள் நான்கு பேர். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒரு விளையாட்டு ஆடினோம். ஒருவர் நன்றாக ஓடும் ஒரு நெட்வொர்க்கை பேக்கெட் டிரேசரில் உருவாக்குவார். பிறகு அதில் மூன்று பழுதுகளை ஒளித்துவைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஓரிடத்தில் தவறான முகவரிப் பிரிவு, ஓரிடத்தில் அணைத்துவைத்த துளை, ஓரிடத்தில் வரிசை மாறிய அனுமதிப் பட்டியல். பெறுபவர் 30 நிமிடத்தில் மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு, எதை முதலில் பார்த்தோம், ஏன் பார்த்தோம் என்று ஐந்து வரி எழுத வேண்டும்.

இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. பழுதைத் தேடுபவர் ஏணியில் ஏறப் பழகுகிறார். பழுதை ஒளிப்பவர் அதைவிட அதிகம் கற்கிறார். ஏனென்றால், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத பழுதை வைக்க வேண்டுமானால் அந்தப் பகுதி எப்படி இயங்குகிறது என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து வரிகளும் வீண்போகவில்லை. குழுவில் ஒருவர் அவற்றைத் தொகுத்து நேர்காணலுக்கு எடுத்துச் சென்றார். அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் குறிப்புகளைப் பற்றியவையே.

இப்படிப் படித்தால் தேர்வு என்னவாகும் என்று பயப்பட வேண்டாம். சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் மிகப் பெரிய பங்கு, 25 விழுக்காடு, ஐபி இணைப்புப் பகுதிக்குத்தான். நாங்கள் ஒளித்துவைத்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. தேர்வுக்கூடத்தில் கேள்வியைப் பார்க்கும்போது, ‘இது நான் போன வாரம் சரிசெய்தது’ என்று தோன்றினால் நான்கு விடைகளும் குழப்பாது.

‘கைவேலை’ என்ற சொல்

கடைசியாக, நம் வீடுகளில் நடக்கும் ஒரு பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது சில உறவினர்களின் குரல் தாழ்ந்துவிடும். “படிப்பு வரல, அதான் கைவேலை கத்துக்கிறான்,” என்பார்கள். அதே உறவினர்கள், சான்றிதழ்களை வரிசையாக அடுக்கும் பிள்ளையைப் பாராட்டுவார்கள்.

நெட்வொர்க் துறையில் இந்தப் பிரிவினை செல்லாது. சிஸ்கோ 1993ஆம் ஆண்டில் தன் உயர்மட்டச் சான்றிதழான சிசிஐஇயைத் தொடங்கியபோதே அதில் செய்முறைத் தேர்வை வைத்தது. இன்றும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கட்டமைப்புகளை உருவாக்கி, பழுது பார்த்துக் காட்டினால்தான் அது கிடைக்கும். உலக அளவில் இளையர்கள் பங்கேற்கும் வோர்ல்ட்ஸ்கில்ஸ் போட்டியிலும் நெட்வொர்க் நிர்வாகம் ஒரு பிரிவு. அங்கேயும் கையால் செய்து காட்டுவதற்குத்தான் மதிப்பெண். இந்தத் துறையில் மேலே போகப் போகக் கைவேலை கூடுகிறது, குறையவில்லை.

விளக்குகளைப் பார்த்தே பழுதைச் சொன்ன அண்ணனை நான் எத்தனையோ முறை நினைத்துக்கொள்கிறேன். அவர் சிசிஎன்ஏவை வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் எழுதினாராம். “எழுதறதுக்கு முன்னாடியே பாதிக் கேள்வியைக் கையால பார்த்துட்டேன்மா,” என்று சிரித்தார். நம்மில் பலருக்கு வேலைக்கு முன்பே சான்றிதழ் தேவைப்படுகிறது. அதனால் அந்த நான்கு ஆண்டு அனுபவத்தில் கொஞ்சத்தையாவது நம் மேசையில் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் தோழி இப்போது எங்கள் விளையாட்டில் ஐந்தாவது ஆள். அடுத்த நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் அவள் அனுப்பிய கோப்பில் ஒளித்துவைத்திருந்த விலேன் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு 26 நிமிடம் ஆனது. டம்ப் கேட்டுச் செய்தி அனுப்பும் தம்பி, தங்கைகளுக்கு இப்போதெல்லாம் அந்தக் கோப்பைத்தான் அனுப்புகிறேன்.